ஆணுறை கிழிந்தது, கணவருக்கு மரு: இனி என்ன செய்வது?

28 வயது வாசகி ஒருவரின் கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கல்யாணம் ஆகி மூன்று வருடம். கூட்டுக்குடும்பம். எட்டு மாதக் குழந்தை; தாய்ப்பாலோடு இரண்டு மாதமாகக் கேழ்வரகுக் கூழும் கொடுக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு இன்னும் மாதவிலக்கு வரவில்லை. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதிலிருந்து கணவர் ஆணுறை போடுகிறார், “பெரும்பாலும்”. இரண்டு மாதத்துக்கு முன்பு கணவரின் ஆணுறுப்பில் சின்னச் சின்ன மருக்கள் வந்தன. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது, உடலுறவில் பரவும் என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார்; ஆணுறை இல்லாமல் சேரக்கூடாது என்றும் சொன்னார். அன்று ராத்திரி கணவர், கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெண்ணோடு உறவு இருந்ததை ஒப்புக்கொண்டார். அதற்கு அப்புறம் யாருமில்லை என்று குழந்தை மேல் சத்தியம் செய்கிறார். வாசகி இதை எழுதுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு ஆணுறை கிழிந்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் இருவரும் கவனித்திருக்கிறார்கள்.

அவருடைய கேள்விகள் இவை. 98 சதவீதம் பாதுகாப்பு என்று படித்தேனே, எப்படிக் கிழிந்தது? கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டாரா? பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்று மாமியார் சொல்வது உண்மையா? ஆணுறை போட்டும் அந்த நோய் எனக்கு வருமா, புற்றுநோய் ஆகுமா, எய்ட்ஸ் டெஸ்ட் எடுக்க வேண்டுமா? பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி இரண்டு உறையைச் சேர்த்துப் போடலாமா? காப்பர் டி (கர்ப்பப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனம்) போட்டுக்கொண்டு உறையை விட்டுவிடலாமா? கடிதம் இப்படி முடிகிறது: “இதைப் போடச் சொன்னா என்னைச் சந்தேகப்படுறன்னு அர்த்தம்னு முகத்தைத் திருப்பிக்கிறார். நான் என்ன செய்யறது டாக்டர்?”

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலை நீங்கள் படிக்கும்போது உறை கிழிந்து மூன்று வாரம் தாண்டியிருக்கும். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் யூரின் டெஸ்ட் கார்டு ஒன்று வாங்கி, நாளைக் காலை எழுந்ததும் முதல் சிறுநீரில் பாருங்கள். உறவு நடந்து 21 நாள் கழித்துப் பார்த்தால் அந்த முடிவை நம்பலாம். வெளியில் வாங்கச் சங்கடமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். “எனக்குத்தான் இன்னும் தலைக்கு ஊற்றவே இல்லையே, நாள் தள்ளிப்போனதா என்று எப்படித் தெரியும்” என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் நிலையில் நாள் கணக்கு உதவாது. டெஸ்ட் மட்டும்தான் சொல்லும்.

உங்கள் மாமியார் சொன்னது முழுக்கத் தவறு இல்லை. தாய்ப்பால் நிஜமாகவே கருவைத் தள்ளிப்போடும், ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால் நூறு பேரில் இரண்டு பேருக்குக்கூடக் கரு நிற்பது அரிது. உங்களுக்கு முதல் இரண்டும் கடந்துவிட்டன. குழந்தை கூழ் குடிக்க ஆரம்பித்ததும் பால் குடிக்கும் தடவை குறையும், முட்டை எந்த மாதமும் வெளிவரலாம். அதுவும், முட்டை முதலில் வெளிவந்து அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். அதனால் பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறைகூடத் தீட்டு வராமலேயே அடுத்த கர்ப்பம் உண்டாகலாம். வயிற்றில் ஏதோ அசைகிறது என்று நான்காம் ஐந்தாம் மாதத்தில் வரும் தாய்மார்களை எங்களைப் போன்ற மகப்பேறு மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

உறை கிழிந்த அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். லீவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்றே ஒன்றை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். அது கருவைக் கலைக்கும் மாத்திரை இல்லை. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பல மருந்துக்கடைகளில் இதைக் கேட்டால் இல்லை என்பார்கள். சட்டப்படி தடை எதுவும் கிடையாது. கடையில் கிடைக்காவிட்டால் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் கேளுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர் டி பொருத்திக்கொண்டால் அது மாத்திரையைவிட இன்னும் உறுதி.

98 சதவீதம் என்றால் என்ன

நூறு தடவை உறவு வைத்தால் இரண்டு தடவை தவறும் என்று நீங்கள் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கு வேறு. நூறு தம்பதிகள் ஒரு வருடம் முழுக்க, ஒவ்வொரு முறையும், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சரியாக ஆணுறை போட்டால், அந்த வருடத்தில் இரண்டு பேருக்குக் கரு நிற்கும். இதுதான் 98. எதுவுமே பயன்படுத்தாத நூறு பேரில் சுமார் 85 பேருக்குக் கரு நிற்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று புரியும்.

ஆனால் நிஜ வாழ்க்கையில் நூறு தம்பதிகளில் சுமார் 13 பேருக்கு ஒரு வருடத்தில் கரு நின்றுவிடுகிறது. இரண்டு எங்கே, பதின்மூன்று எங்கே? நடுவில் இருக்கும் பதினோரு பேரும் மோசமான உறையை வாங்கியவர்கள் இல்லை. இன்றைக்கு ஒருநாள் வேண்டாம் என்று விட்டவர்கள், பாதியில் போட்டவர்கள், முடிந்த பிறகு தாமதமாக வெளியே எடுத்து உறை உள்ளே நழுவியவர்கள். “பெரும்பாலும்” என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லில்தான் இந்தப் பதினோரு பேரும் இருக்கிறார்கள். ஆணுறை கிழிந்த அந்த ஒரு நாளை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள். உறையே இல்லாமல் போன நாட்கள் அதைவிட ஆபத்தானவை. அந்த நாட்களைக் கடிதத்தில் நீங்கள் எண்ணவே இல்லை. டெஸ்ட் எடுக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏன் கிழிந்தது

போலியாக இருக்குமோ என்ற சந்தேகத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஆணுறை நம் நாட்டில் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு உறையையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் செலுத்திப் பார்க்கிறார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது, ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மின்சாரம் பாய்ந்துவிடும், அந்த உறை கழிக்கப்படும். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சிலவற்றை எடுத்து 300 மில்லி தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். காற்றடித்தும் பார்ப்பார்கள், வழக்கமான அகலமுள்ள உறை 18 லிட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். ஏறக்குறைய ஒரு குடத்தின் கொள்ளளவு அது. இப்படித் தேறி வந்த ஒரு பொருள் உங்கள் படுக்கையறையில் கிழிகிறது என்றால், கடைக்கும் படுக்கைக்கும் நடுவில் அதற்கு ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்தது என்பதை நீங்களே போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். வீட்டில் மாமியார் கண்ணில் பட்டுவிடும் என்று பாக்கெட்டைக் கணவர் பைக்கின் பக்கப் பெட்டியில் வைத்திருப்பதாக ஒரு வரி. பிரசவத்துக்குப் பிறகு அந்த இடம் வறண்டு எரிச்சலாக இருப்பதால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதாக இன்னொரு வரி.

வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் ரப்பர் நாளுக்கு நாள் வலுவிழக்கும். பர்ஸில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தாலும் இதே கதைதான். எண்ணெய் அதைவிட மோசம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாஸலின், பேபி ஆயில், வெண்ணெய் எதுவானாலும் லேடெக்ஸ் ரப்பரைச் சில நிமிடங்களிலேயே பலவீனமாக்கிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உறை பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும், இழுபடும்போது விட்டுவிடும். வெள்ளைப்படுதலுக்கு உள்ளே வைக்கச் சொல்லிக் கொடுக்கும் சில மாத்திரைகளும் க்ரீம்களும்கூட இதையே செய்யும்; எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், உங்கள் கணவர் மருவுக்குப் போடும் களிம்பு என்ன என்று ட்யூபை எடுத்துப் பாருங்கள். இமிக்விமாட் என்று இருந்தால் அதுவும் ஆணுறையைப் பலவீனப்படுத்தும். களிம்பு தோலில் இருக்கும் நேரத்தில் உறவே வேண்டாம், கழுவிய பிறகுதான்.

வறட்சி உங்கள் குறையில்லை. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும், அதனால் பல பெண்களுக்கு ஓரளவு வறட்சி உண்டு. மருந்துக்கடையில் தண்ணீர் சேர்ந்த லூப்ரிகன்ட் ஜெல்லி கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். சிலிகான் ஜெல்லும் சரி. இரண்டும் ரப்பரைக் கெடுக்காது. ஜெல்லி உறைக்கு வெளியே தடவ வேண்டும். வறட்சியில் உரசும்போதும் உறை கிழிவதால், வலி, கிழிசல் இரண்டுக்குமே இது மருந்து.

இரண்டு உறை வேண்டாம். ஒன்றோடொன்று உரசிக் கிழியவும் நழுவவும் வாய்ப்பு அதிகமாகும் என்பதால் யாரும் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒன்றையே ஒழுங்காகப் போட்டால் போதும். கூச்சத்தில் யாரும் சொல்லித்தராததால் நானே சொல்கிறேன், கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். கடையில் கறுப்புக் கவரில் சுற்றிக் கொடுப்பதால் அந்தத் தேதியை யாரும் படிப்பதே இல்லை. விரலால் அழுத்தினால் உள்ளே காற்று மெத்தென்று இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் எங்கோ காற்றுப் போயிருக்கிறது, தூக்கிப்போடுங்கள். பல்லால் கிழிக்காமல் கையால் கிழியுங்கள். நுனியை இரண்டு விரலால் கிள்ளிக் காற்றை வெளியேற்றிப் பிடித்தபடி, உறுப்பு விறைத்த பிறகு, உடல்கள் உரசுவதற்கு முன்பே அடிவரை உருட்டி விட வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் புதியதை எடுங்கள், நுனியில் விந்து பட்டிருக்கலாம். முடிந்ததும் விறைப்பு குறையும் முன்பே, அடியில் உள்ள வளையத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். இப்படிச் செய்தாலும் எப்போதாவது ஒன்று கிழியும். அது நூற்றில் ஒன்றிரண்டு முறைதான்.

நோய்க்கு நோய் பாதுகாப்பு மாறும்

“ஆணுறை நோயைத் தடுக்குமா” என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நோயை என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். நோய்க்கிருமி எந்த வழியாகப் பரவுகிறது என்பதைப் பொறுத்து ஒரே உறையின் பாதுகாப்பு மாறும்.

விந்து, பெண்ணுறுப்புச் சுரப்பு போன்ற திரவங்களின் வழியாகப் பரவும் ஹெச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா, ட்ரைகோமோனாஸ் போன்றவற்றுக்கு எதிராக ஆணுறை நன்றாக வேலை செய்யும். கிழியாத லேடெக்ஸ் வழியாக ஹெச்.ஐ.வி. நுழைந்துவிடும் என்று ஒரு வதந்தி அடிக்கடி கிளம்புகிறது. நுழையாது, அதைவிடச் சிறிய ஹெபடைடிஸ் பி வைரஸே நுழையாது. தம்பதியில் ஒருவருக்கு மட்டும் ஹெச்.ஐ.வி. இருக்கும் குடும்பங்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எப்போதும் உறை போட்டவர்களிடம் தொற்று சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. ‘எப்போதும்’ என்பதை அவர்கள் வாயால் சொன்னதை நம்பி எடுத்த கணக்கு அது. அதில் தவறிய நாட்களும் இருந்திருக்கும்.

ஹெர்பீஸ், சிபிலிஸ், ஹெச்.பி.வி. மூன்றும் தோலோடு தோல் உரசினாலே பரவக்கூடியவை. புண்ணோ மருவோ உறை மூடும் இடத்தில் இருந்தால் பாதுகாப்பு உண்டு. விதைப்பையிலோ, அடிப்பகுதியிலோ, தொடை இடுக்கிலோ இருந்தால் உறை அங்கே எட்டாது. அதற்காகப் பயனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் புதிதாக உறவைத் தொடங்கிய கல்லூரி மாணவிகளைப் பின்தொடர்ந்து 2006-ல் வெளியான ஆய்வில், துணைவர் எப்போதும் உறை போட்ட பெண்களுக்கு, அநேகமாகப் போடவே போடாதவர்களோடு ஒப்பிடும்போது, ஹெச்.பி.வி. தொற்று 70 சதவீதம் குறைவாக இருந்தது. முழுக்கத் தடுக்காது, ஆனால் நன்றாகக் குறைக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகிக் குழந்தை பெறும்வரை நீங்கள் ஆணுறை பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். கணவரிடம் அப்போதே வைரஸ் இருந்திருந்தால் உங்களுக்கும் அது எப்போதோ வந்திருக்கலாம். வந்து, உடம்பு அதை விரட்டியும் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடங்களில் ஹெச்.பி.வி. தானாகவே போய்விடுகிறது. அப்படியென்றால் இப்போது எதற்கு உறை? மரு இருக்கும்போது அதில் வைரஸ் நிறைய இருக்கும். அது திரும்பத் திரும்ப உங்கள் கர்ப்பப்பை வாயில் படாமல் இருக்கத்தான். நெதர்லாந்தில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வுகளில், உறை பயன்படுத்திய தம்பதிகளுக்கு ஹெச்.பி.வி.யால் வந்த மாற்றங்கள் சீக்கிரம் சரியாகின என்று கண்டார்கள். தோல் மருத்துவர் சொன்னது சரி. மருக்கள் முழுக்க மறையும்வரை உறவையே தள்ளிப்போட்டால் இன்னும் நல்லது.

மரு வேறு, புற்றுநோய் வேறு. ஹெச்.பி.வி.யில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பத்தில் ஒன்பது மருக்கள் 6, 11 என்ற வகைகளால் வருபவை. அவை புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் அல்ல. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் 16, 18 வகைகளால் வருவது. மரு வந்தவரின் மனைவிக்குப் புற்றுநோய் வரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கலாம் என்பதால் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

இன்னொரு கேள்வி உங்கள் கடிதத்தில் எழுதப்படாமலே இருக்கிறது: “இப்போதுதான் மரு வந்திருக்கிறது என்றால், இப்போதும் யாரோ இருக்கிறார்களா?” மருவை வைத்து அதைச் சொல்ல முடியாது. வைரஸ் உடம்பில் நுழைந்து சில வாரங்களிலும் மரு வரலாம், பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டும் வரலாம். உங்கள் கணவர் சொல்வது மருத்துவப்படி நடக்கக்கூடியதுதான். அவர் சொல்வது உண்மை என்று நான் சான்றிதழ் தரவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்பதற்கு மரு சாட்சி ஆகாது என்கிறேன்.

எடுக்க வேண்டிய பரிசோதனைகள்

உங்கள் தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். கர்ப்பமாக இருந்தபோது ஹெச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி மூன்றுக்கும் ரத்தம் எடுத்திருப்பார்கள். அப்போது எல்லாம் நெகட்டிவ் என்றால், கணவரின் பழைய உறவால் உங்களுக்கு ஹெச்.ஐ.வி. வந்திருக்குமோ என்ற பயத்தில் பெரும்பகுதியை இப்போதே இறக்கி வைத்துவிடலாம். கர்ப்பத்துக்கு முன்பு உறையில்லாமல்தானே இருந்தீர்கள்? இருந்தாலும் ஒரு பால்வினைத் தொற்று தெரிந்தால் மற்றவற்றையும் பார்ப்பதுதான் முறை. இருவரும் சேர்ந்து அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், ஆலோசகர் முன்பும் பின்பும் பேசுவார். 2017-ம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனையைச் செய்யக்கூடாது, முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். நேரில் போகும் முன்பு பேச வேண்டுமென்றால் 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

உங்களுக்குத் தனியாக ஒரு மகப்பேறு மருத்துவரிடம் உள் பரிசோதனையும், பாப் ஸ்மியர் என்ற கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் தேவை. கிளமிடியா போன்றவை பெண்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து கருக்குழாயைக் கெடுக்கும். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தவறாமல் தொடருங்கள். ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றியும் கேளுங்கள். ஏற்கெனவே வந்த வகையை அது குணமாக்காது, இன்னும் வராத வகைகளுக்குத் தடுப்பாக இருக்கும், பால் கொடுக்கும்போதும் போடலாம். ஆண்களுக்கு ஹெச்.பி.வி. இருக்கிறதா என்று பார்க்க வழக்கமான டெஸ்ட் எதுவும் கிடையாது, அதற்காகக் கணவரை லேப் லேபாக அலைய விட வேண்டாம். குழந்தைக்குப் பால் கொடுப்பதை இதற்காக நிறுத்த வேண்டியதே இல்லை.

“சந்தேகப்படுறியா” என்கிறாரே

உங்கள் கணவரை எனக்குப் புரிகிறது. நம் ஊரில் ஆணுறை என்றதும் நினைவுக்கு வருவது, இருபது வருடத்துக்கு முன்பு சுவரெல்லாம் எழுதியிருந்த “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” தான். தப்பான இடத்துக்குப் போகிறவன் போட்டுக்கொள்வது என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அது வந்த கதை வேறு. 1968-ல் மத்திய அரசு நிரோத் என்ற ஆணுறையை அறிமுகப்படுத்தியது புருஷன் பெண்டாட்டிக்காக. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தோடு, மூன்று உறை 15 பைசாவுக்கு, டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகளின் வழியாகவே பெட்டிக்கடைவரை போனது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல். அதற்குப் பதினெட்டு வருடம் முன்பே ஆணுறை குடும்பஸ்தர்களின் பொருள். இதை அவரிடம் சொல்லுங்கள்.

சண்டையின் நடுவில் வேண்டாம், படுக்கையிலும் வேண்டாம். குழந்தை தூங்கிய ஒரு சாயங்காலம், “மரு போகும்வரைக்கும், அப்புறம் இன்னொரு குழந்தை வேண்டும் என்று நாம் முடிவு செய்யும்வரைக்கும்” என்று பேசுங்கள். சந்தேகம், நம்பிக்கை என்ற சொற்களே வேண்டாம். அடுத்த முறை தோல் மருத்துவரிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். மனைவி சொன்னால் குற்றச்சாட்டாகக் கேட்பது மருத்துவர் சொன்னால் சிகிச்சையாகக் கேட்கும். பழைய உறவைத் தானாக ஒப்புக்கொண்டவர் அவர், சிகிச்சைக்கும் தானே போனவர். பேசினால் கேட்கக்கூடிய மனிதர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியும் கேட்காவிட்டால், உறை இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மிரட்டினாலோ வற்புறுத்தினாலோ அது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் வரும் விஷயம், 181-க்கு அழையுங்கள்.

இனி எதைப் பயன்படுத்துவது

காப்பர் டி போட்டுக்கொண்டு உறையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கருத்தடைக்கு மட்டும் என்றால் காப்பர் டி ஆணுறையைவிட மிக உறுதி. நூறு பேரில் ஒருவருக்குக்கூட வருடத்தில் கரு நிற்பது அபூர்வம், ஏனென்றால் தினமும் யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த நோயையும் அது தடுக்காது. ஊசி, மாத்திரை, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இப்போதைக்கு உங்களுக்கு என் யோசனை இரண்டும் சேர்ந்தது: கருவுக்குக் காப்பர் டி, தொற்றுக்கு ஆணுறை. உள் பரிசோதனையில் கிளமிடியா, கொனோரியா மாதிரித் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்திவிட்டுத்தான் காப்பர் டி. காப்பர் டி பயமாக இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம், பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றவை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனே செய்துவிடு என்று வீட்டில் சொல்லக்கூடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள், அதனால் அதுதான் ஒரே வழி என்று நம் ஊரில் நினைப்பு. உங்களுக்கு 28 வயது, ஒரே குழந்தை. யாருடைய அவசரத்துக்காகவும் அதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

டெஸ்ட் பாசிட்டிவ் என்று வந்தால் பதறாதீர்கள். கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள், அதில்தான் ரத்தப்போக்கும் உயிராபத்தும். பெற்றுக்கொள்வதென்றாலும் வேண்டாம் என்றாலும் முதலில் மருத்துவரிடம் வந்து எத்தனை வாரம் என்று ஸ்கேன் பாருங்கள். கருத்தடை தவறியதால் வந்த கர்ப்பத்தை 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு சட்டப்படி கலைக்கலாம். 18 வயது தாண்டிய பெண்ணின் கையெழுத்து மட்டும் போதும்; கணவரின் கையெழுத்தோ மாமியாரின் சம்மதமோ சட்டம் கேட்பதில்லை, மருத்துவமனை கேட்டாலும் நீங்கள் இதைச் சொல்லலாம். சீக்கிரம் வந்தால் மாத்திரையிலேயே, எங்கள் கண்காணிப்பில், பத்திரமாக முடியும்.

நெகட்டிவ் என்றால் அந்த வாரமே காப்பர் டி பற்றிப் பேச வாருங்கள். உறை கிழிந்த நாளுக்குப் பிறகு உறையில்லாமல் ஒருமுறை இருந்திருந்தாலும், அந்த நாளிலிருந்து மூன்று வாரம் கழித்து இன்னொரு டெஸ்ட் பார்க்க வேண்டும். வரும்போது தாய் சேய் நல அட்டையையும், கணவரின் களிம்பு ட்யூபையும் கையில் கொண்டுவாருங்கள். பைக் பெட்டியில் மிச்சமிருக்கும் பாக்கெட்டை இன்றைக்கே குப்பையில் போட்டுவிட்டு, புதியதை உங்கள் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வையுங்கள்.